கூரையைப் பாத்துக்கிட்டே ஒரு வாரம்

அஞ்சு நாள்ல நாலு ஊர் மாறியாச்சு. எந்த ஊர்லயும் ரிஃப்கி ரெண்டாவது டீ குடிக்கல. முதல் டம்ளர் ஆறுறதுக்குள்ள எந்திரிச்சு, கார் சாவியை விரல்ல சுத்த ஆரம்பிச்சுடுவான்.

அவன் பொண்டாட்டி நஸ்மியே துருக்கியில, மலைக்குளிர் ஊரான சிவாஸ்ல கணக்கு டீச்சர். பதினோரு வருஷம் பனியில கெடந்து பாடம் நடத்தினவளுக்கு இந்தத் தடவைதான் இடமாற்றம் கேக்க முடிஞ்சது. அஞ்சு ஊரை வரிசையா எழுதி வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஃபோன்லயே அனுப்பணும். அனுப்பினா மாத்த முடியாது. அவ சர்வீஸுக்கு முதல்ல எழுதுற ஊரே கிடைச்சுடும்னு டீச்சருங்க சங்கத்துல சொல்லியிருந்தாங்க. அதனாலதான் அரையாண்டு லீவுல ஒரு வாரம் தெற்குக் கடற்கரை ஊருங்களை நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு ரெண்டு பேரும் கிளம்பினாங்க.

கிளம்புறப்போ ரிஃப்கியோட அக்கா கார் பின்னாடி ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினா. போறவங்க சீக்கிரம் திரும்பி வரணும்னு ஊத்துற தண்ணி. அது நல்லாவே வேலை செய்யுதுன்னு நஸ்மியேவுக்குத் தோணுச்சு.

அனமூர்ல காத்து ஈரமா இருக்கு, துணி காயாதுன்னான். காஸிபாஷால லாரி சத்தம். ஃபினிகேல ஆரஞ்சு வாசனையில தலை வலிக்குதாம். எந்த ஊருக்குப் போனாலும் பெட்டிய வச்ச உடனே தெருவுக்குப் போய், கைய பின்னாடி கட்டிக்கிட்டு அண்ணாந்து நிப்பான். கூரை மேல வெயில்ல தண்ணி சுட வைக்கிற தொட்டிங்களைத் தவிர ஒண்ணும் இருக்காது.

"எந்த வீட்டு மாடியில எந்தப் பொண்ணு நிக்கிறா, அப்படிப் பாக்குற?"

"புறா," அப்படின்னான்.

நாலாவதா போன காஷ்ங்கிற ஊர்ல அவ மனசு ஒட்டிக்கிச்சு. பள்ளிக்கூடத்து வாட்ச்மேன்கிட்ட கெஞ்சி உள்ள போனா, ஒரு வகுப்புல கரும்பலகைக்குப் பக்கத்து ஜன்னல் நிறையக் கடல். இங்கதான்னு அவனைக் கூட்டிட்டு வந்து காமிச்சா. உனக்குப் பிடிச்சதைப் போடு டீச்சரம்மான்னு அவனும் சொன்னான். ஒரு மணி நேரம் கழிச்சு, ஊர் பூரா ஏத்தம், முட்டி போயிடும்னான். அவன் வாயால ஒரு நெசமான சரி வராம ஃபோன்ல அனுப்புற பட்டனை அமுக்க அவளுக்குக் கை வரல. ரெண்டு நாள் ஃபோனைத் திறக்குறதும் மூடுறதுமா போச்சு.

வெள்ளிக்கிழமை மதியம் ஊருக்குத் திரும்பக் கிளம்பினாங்க. காலைல பெஞ்ச மழை விட்டு குளிர் கூடிடுச்சு. வழியில டெம்ரே. வரும்போது நிக்காமலே தாண்டின ஊர். ரோட்டுல இருந்து பாத்தா கடல் தெரியாது, கண்ணுக்கு எட்டின வரைக்கும் தக்காளி வளக்குற ப்ளாஸ்டிக் கூடாரம். டீக்கு நிறுத்தினாங்க. கடைக்குள்ள குளிருக்கு மூட்டுற அடுப்பு, கூரை வழியா குழாய் போறது, புகைஞ்சுக்கிட்டிருந்தது.

ரிஃப்கி உக்காரவே இல்ல. நேரா அடுப்புகிட்ட போய் குழாய்ல விரலால தட்டி, காத வச்சுக் கேட்டான். குழாய் வளைவுல அடைப்புன்னான். கடைக்காரர் துர்முஷ் பெரியவர் அவன் கையைப் புடிச்சுக்கிட்டார். இன்னிக்கு ராத்திரி உறைபனி விழும், கூடாரத்துல அடுப்பு எரியலைன்னா செடி பூரா கருகிடும், என் கூடாரத்து அடுப்பு ரெண்டும் புகையை இழுக்கலன்னு புலம்பினார். ரெண்டு பேரும் பின்பக்கமா போயிட்டாங்க.

நஸ்மியே மூணு டம்ளர் டீ குடிச்சா. மணி நாலு. எரிச்சலோட தேடிப் போனா.

கூடாரத்துக்குள்ள அவன் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் குழாய்க்குள்ள கைய விட்டிருந்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க நாலு பேர் சுத்தி நின்னு, எங்களோடதையும் பாருங்க மேஸ்திரின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. அவன் பக்கத்துல மண்ணுல மூணு காலி டீ டம்ளர்.

சிவாஸ்ல அடுப்புக் கடை வச்சிருக்கிறவன் அஞ்சு நாளா அண்ணாந்து எதைத் தேடினான்னு அவளுக்கு அப்பதான் விளங்குச்சு.

"புகைக்குழாயத்தான தேடின?"

அவன் எந்திரிச்சு கைய பேன்ட்ல துடைச்சான். "இந்தக் கரையில எந்தக் கூரையிலயும் குழாயே இல்ல. சிவாஸ்ல நான் தெருவுல நடந்தா அடுப்புக்காரரேன்னு கூப்பிடுவாங்க. காஷ்ல நான் டீச்சரம்மா வீட்டுக்காரன், அவ்வளவுதான். காலைல எந்திரிச்சு எங்க போவேன் நஸ்மியே?"

"முதல் நாளே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"சொல்லியிருந்தா நீ வண்டியிலயே ஏறியிருக்க மாட்ட. எனக்காக அந்தப் பனியிலயே கெடப்ப." கீழ கெடந்த குழாயை எடுத்துக்கிட்டே சொன்னான்: "காஷே போடு. நான் சமாளிச்சுக்குவேன்."

நெசமாத்தான் சொன்னான். அதுதான் அவளைக் குடைஞ்சுது.

வெளிய வந்து நின்னா. காஷ்ல வீடு, இங்க அவனுக்கு வேலைன்னு வச்சா? மலையை ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு ஒரு மணி நேரம் ரோடு. பனி விழுற அன்னைக்கெல்லாம் அவன் அதுல வரணும். அந்த ஜன்னலை இன்னொரு தடவை நெனச்சுக்கிட்டா. நாலு இருபதுக்கு டெம்ரேயை முதல்லயும் காஷை ரெண்டாவதாவும் போட்டு அனுப்பிட்டா. உள்ள போய் சொன்னப்போ அவன் கைல இருந்த குழாயைக் கீழ வைக்கவே மறந்துட்டான்.

அதுக்கப்புறம் அவளால உக்கார முடியல. கடல் எந்தப் பக்கம்னு துர்முஷ்கிட்ட கேட்டா.

"ஊருக்கு அந்தாண்ட. நடந்தா முக்கால் மணி நேரம், மகளே. இந்தக் குளிர்ல எவன் போவான்?"

அவ போனா. கூடாரங்களுக்கு நடுவுல சேத்துப் பாதை. பின்னாடி கரிக்கையோட ரிஃப்கி ஓடி வந்தான்.

"எங்க போற?"

"கடல் நெசமா இருக்கான்னு பாக்க."

அவனும் கூடவே நடந்தான், சேத்துல கால் வைக்க இடம் பாத்துக்கிட்டு. இப்ப ப்ளாஸ்டிக் கூரைங்களுக்கு மேல எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே போனது நஸ்மியேதான்.