தரம் ஏழின் திறப்புவிழா

காலை ஆறரைக்குப் பாடசாலை அதிபர் வாகீசன் தொலைபேசியில் அழைத்தது தர்சினி ரீச்சரை அல்ல. அவளுடைய தமையன் பரமலிங்கத்தை. பரமலிங்கம் எழுந்து நின்று கேட்டான். "ஓம் சேர், விளங்குது சேர்" என்று நாலு தரம் சொன்னான். பிறகு அதைத் தங்கைக்கு யார் சொல்வது என்று குசினிக்குள் கணவனும் மனைவியும் சற்று நேரம் குசுகுசுத்தார்கள். வேலை மனைவி பாலேஸ்வரியின் தலையில் விழுந்தது.

தர்சினி சீலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உந்த இணையப் பக்கத்தை இண்டைக்கு மிஸிஸ் கதிரவேலுதான் திறக்கிறாவாம். உன்னைப் பின்னாலை நிக்கட்டாம்."

"ஆர் சொன்னது, மச்சாள்?"

"அதிபர். உன்னிலை ஒரு குறையுமில்லையாம். நல்ல காரியமெண்டபடியாலாம்."

தர்சினியின் கணவன் இறந்து பதினாலு மாதங்கள். நல்ல காரியத்தைச் சுமங்கலி தொடக்கவேண்டும், கைம்பெண் முன்னுக்கு வரக்கூடாது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒருவரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அந்தப் பதினாலு மாதங்களில்தான் அவள் தரம் ஏழுப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேருக்கும் வகுப்புக்கென ஓர் இணையப் பக்கம் செய்யக் கற்பித்தாள். அதில் வீட்டுவேலை இருந்தது, வெங்காயத் தோட்டத்துப் பூச்சிகளின் படங்கள் இருந்தன, வராத பிள்ளைகளுக்கு அன்றன்றைய பாடம் இருந்தது. ஆசிரியர்களுக்கும் அவளே சொல்லிக்கொடுத்தாள். சமயபாட ஆசிரியர் ஒரு படத்தை ஏற்ற மூன்று நாள் எடுத்தார். மூன்று நாளும் அவள் பக்கத்தில் இருந்தாள். திறப்புவிழாவுக்கு நல்ல நேரம் குறித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

பக்கத்தைத் திறக்கும் பொத்தானை அழுத்தத் தங்கள் ரீச்சரையே பிள்ளைகள் தெரிந்தெடுத்திருந்தார்கள். அழுத்தாமல் விடுவதில் அவளுக்கு நட்டமில்லை. ஆனால் அவள் பின்வரிசையில் நிற்பதைப் பார்த்து முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரு பாடம் படிப்பார்கள். அந்தப் பாடத்தைத் தன் வகுப்பில் நடத்த அவளுக்கு விருப்பமில்லை.

"அந்த நீலச் சீலையையாவது மாத்தன்" என்றாள் பாலேஸ்வரி. தர்சினி மாற்றவில்லை.

மண்டபத்தில் நிறைகுடம் வைத்திருந்தார்கள். மடிக்கணினிக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. பழைய மாணவர் சங்கத் தலைவரின் மனைவி திருமதி கதிரவேலு எதை அழுத்துவது என்று இரண்டு தரம் கேட்டு அறிந்துகொண்டார். அதிபர் ஒலிவாங்கியில், தரம் ஏழின் பக்கம் இந்தக் கணத்தில் முதன்முதலாக உலகுக்குத் திறக்கப்படுகிறது என்றார்.

முன்வரிசையில் தன் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்த ஆரணி கையை உயர்த்தினாள்.

"சேர், அது திறந்துதானே கிடக்கு. நான் டெங்கு வந்து வீட்டை நிண்டனான். பாடம் விட்டுப்போகுமெண்டு ரீச்சர் போன செவ்வாய்க்கிழமையே திறந்துவிட்டவா. அம்மான்ரை போனிலை பாத்துத்தான் படிச்சனான்."

எத்தனை மணிக்கு என்று சமயபாட ஆசிரியர் கேட்டார். மூன்றரைக்கு என்றாள் ஆரணி. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ராகுகாலம்.

பக்கத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஆரணிக்கும் காய்ச்சல் மாறியிருந்தது.

அதிபர் பின்வரிசைக்கு நடந்து வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தர்சினி ரீச்சர், ஒருக்கா வந்து அதை மூடிவிடுங்கோ. பிறகு மிஸிஸ் கதிரவேலு திறக்கட்டும்."

"நான் அதிலை கை வைக்கலாமோ, சேர்?"

"மூடுறதுக்கென்ன. அதுக்கு ஆர் நேரம் பாக்கினம்?"



"எனக்கு மூடத் தெரியாது, சேர்."

அவளிடம் படித்த பதினொரு ஆசிரியர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதிபர் பிள்ளைகளைப் பார்த்து, ஆருக்காவது தெரியுமோ என்றார். பக்கத்தைத் திறப்பதும் மூடுவதும் மூன்றாம் நாள் பாடம். எல்லோரும் செய்துகாட்டிப் புள்ளி வாங்கியிருந்தார்கள்.

"எங்களுக்குத் திறக்க மட்டுந்தான் தெரியும், சேர்" என்றாள் ஆரணி. மற்றப் பிள்ளைகள் ஓமென்று தலையாட்டினார்கள்.

சமயபாட ஆசிரியர் மணிக்கூட்டைக் காட்டினார். நல்ல நேரம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. அதிபர் திரும்பிப் போனார். படம் பிடிப்பவர் ஒருபக்கம் விலகி நிற்க, திருமதி கதிரவேலு, ஏற்கெனவே திறந்திருந்த பக்கத்தைத் திறக்கும் பொத்தானைப் பயபக்தியோடு அழுத்தினார்.

திரையில் ஒன்றும் மாறவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.