ஐந்து நட்சத்திரம்

விடியுமுன்பே கிடங்கின் இரும்புக் கதவு ஏறிவிட்டது. சாக்குச் சாக்காய்ச் சார்ஜர்கள் தரையில் கொட்டிக் கிடந்தன. ஊர் பேர் இல்லாத சரக்கு. பெண்கள் சம்மணமிட்டு, ஒவ்வொன்றிலும் பெரிய கம்பெனியின் முத்திரையை ஒட்டிப் பளபளப்பான பெட்டியில் திணித்தார்கள். மேலே கண்ணாடித் தாள் சுற்றி, சூட்டுக் காற்றால் இறுக்கினார்கள். பிளாஸ்டிக் கருகும் நெடி நெஞ்சை அடைத்தது. பசை தின்றதில் நெட்டச்சியின் விரல்களில் ரேகையே மிச்சமில்லை. ஆள் உயரம் என்பதால் கிடங்கில் அவளுக்கு அதுதான் பெயர்.

"காத்தாட்டம் இருக்குதக்கா. உள்ள ஏதாச்சும் இருக்கா, வெறும் கூடா?" என்றாள் அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் மனைவியான அவளை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவளே நெட்டச்சிதான்.

"படத்தப் பாத்து வாங்குறவங்களுக்குக் கனம் எப்படித் தெரியும்? பேசாம வேலையப் பாரு."

சாக்குக்கு ஒன்றை எடுத்து, விளக்கு எரிகிறதா என்று சொருகிப் பார்ப்பது ஓரகத்தியின் வேலை. சொருகினாள். டப்பென்று வெடித்தது. நீலமாய் ஒரு வெளிச்சம். பெட்டிக் குவியலின்மேல் போய் விழுந்தவளின் வலக்கை விரல்கள் கரிந்திருந்தன.

உயிர் தப்பியது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கொழுந்தன், "முழுசாத்தானே கூட்டிட்டுப் போனீங்க அண்ணி?" என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் காலை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஈரக் கையோட தொட்டிருப்பா. யாராவது கேட்டா, அவ வீட்லருந்து கொண்டாந்த சார்ஜர்னு சொல்லணும். அப்புறம், நம்ம சாமான் தீஞ்சு குழந்தை கை வெந்துடுச்சுன்னு எவனோ ஆன்லைன்ல எழுதிட்டான். எல்லாரும் போன எடுங்க. அருமையான பொருள்னு எழுதி அஞ்சு நட்சத்திரம் போடுங்க. அவன் எழுதினது அடியில போயிடணும்."

யாரும் அசையவில்லை.

"எந்தக் குழந்தை முதலாளி?" என்றாள் நெட்டச்சி.

"எவன் வீட்டுதோ. உனக்கென்ன?"

"நான் ஒட்டின முத்திரைய நம்பித்தானே வாங்கினாங்க."

"அசல் வாங்க வக்கில்லாதவன்தான் இத வாங்குறான். வாங்கினா அனுபவிக்கட்டும்."

"வக்கில்லாதவன்னா யாரு? எங்களாட்டம் ஆளுங்கதான்."

சொல்லிவிட்டாள். வாடகை வீடு, படிக்கிற மகள், வேறு வேலைக்கு வழியில்லாத ஊர். ஆனாலும் போனை எடுத்தாள். ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, எழுதியதை உரக்கப் படித்தாள்: "இது போலி. பெட்டியில போட்டதே நாங்கதான். வாங்காதீங்க. வாங்கியிருந்தா உடனே கழட்டிடுங்க."

"எழுத்துப் பிழை இருக்கான்னு பாத்துக்கடி," என்றாள் கிடங்கே வாயாடி என்று அழைக்கும் ஒருத்தி. "நம்ம பெட்டியில கம்பெனி பேரத் தப்பா அச்சடிச்ச மாதிரி ஆயிடப்போவுது." சிரித்தபடியே அவளும் போனை எடுத்தாள். பிறகு அடுத்தவள். பிறகு எல்லோரும்.

"வெளிய போங்கடி! பத்து நிமிஷத்துல அத்தனையும் அழிச்சிடுவேன்!"

"அழிங்க. திரும்ப எழுதுவோம். அவளுக்கு வைத்தியம் பாக்காம ஒருத்தியும் உள்ள வரமாட்டோம்," என்றாள் நெட்டச்சி.

கதவு தடதடவென்று இறங்கியது. வெயில் ஏறியது. சுவரோர நிழலில் வரிசையாய் உட்கார்ந்தார்கள். இனி என்ன ஆகுமென்று எவளுக்கும் தெரியவில்லை. சரக்கு ஏற்றும் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் விவரம் கேட்டான். சொன்னார்கள்.

"என்னய்யா கதை? வந்து லோடு ஏத்து!" ஜன்னலிலிருந்து முதலாளி கத்தினார்.

ஓட்டுநர் என்ஜினை அணைத்தான். போனைக் காதில் வைத்து, "அம்மா, சுவத்துல சொருகியிருக்க சார்ஜரக் கழட்டு. இப்பவே. ஏன்னு அப்புறம் சொல்றேன்," என்றான். பிறகு வண்டியின் பின்கதவைச் சாத்தினான்.

பெண்கள் நெருங்கி உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள்.