டாப்னி என்ற பெயரின் மீதிப் பொருள்

ஜேடர்பாளையத்து வேலுசாமியின் மகள் டாப்னி, நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் காவிரிக் கரையில் மரமானாள். அந்த வாரம் வெல்லம் விலை சற்று இறங்கியிருந்தது, மழை இல்லை. பூசம் நாலாம் பாதத்தில் பிறந்தவளுக்கு 'டா'வில் பெயர் தொடங்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் சேந்தமங்கலத்து ஜோசியர் சொல்லியிருந்தார். டாவில் தமிழ்ப் பெயர் எதுவும் அகப்படாமல் வேலுசாமி நாமக்கல்லுக்குப் பஸ் ஏறி, ஒரு பிரௌசிங் சென்டரில் கேட்டார். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்து, "டாப்னி. கிரேக்க நாட்டுப் பேருங்க. ஆத்தோட மகளாம். வெற்றின்னு அர்த்தம் போட்டிருக்குதுங்க" என்றாள். ஆற்றோரம் கரும்பு வைத்திருந்தவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மீதியைப் படிக்கச் சொல்லவில்லை. ஊரார் குழந்தையை டாப்பு என்றார்கள். சென்னம்மாள் மகளைச் சாமி என்றே கூப்பிட்டாள்.

மீதியை டாப்னியே படித்தாள், கல்லூரியில் தாவரவியல் படித்த காலத்தில். அப்போது சென்னம்மாளின் அண்ணன் மகன் குருமூர்த்தி, செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி வைத்திருந்தவன், கல்லூரி வாசலில் பைக்கோடு நிற்கத் தொடங்கியிருந்தான். அவள் பஸ் ஏறினால் பஸ்ஸுக்குப் பின்னால் வந்தான். பஸ் மாறினாள், அதற்குப் பின்னாலும் வந்தான். முறைப்பையன் என்பதால் அது துரத்துவதாக யாருக்கும் தெரியவில்லை. "கட்டிக்கப் போறவன் வராம, ஊரான் ஊட்டுப் பையனா வருவான்?" என்று சென்னம்மாள் சிரித்தாள். பெண் இல்லை என்று சொல்லிவிட்டால் அண்ணன் அப்புறம் அந்த வாசல்படி மிதிக்க மாட்டார் என்பது அவளுக்கும் தெரியும், வேலுசாமிக்கும் தெரியும்.

ஒருநாள் அப்பா சாப்பிடும்போது டாப்னி அந்தக் கிரேக்கக் கதையைச் சொன்னாள்.

"எம் பேருக்காரி அவளையும் ஒருத்தன் தொரத்துனானாம், ஓடுனாளாமுங்கப்பா. ஓட முடியாம, ஆத்துகிட்ட, அவங்கப்பாகிட்ட, காப்பாத்துன்னு கேட்டாளாம். கேட்டதும் மரமாக்கிட்டாராம்."

"பெத்த பொண்ணையா? என்ன மனுசன் அவன்!"

"நீங்க மரமெல்லாம் ஆக்க வேண்டாமுங்கப்பா. மாமாகிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க."

வேலுசாமி ரசம் கேட்டார்.

நிச்சயப் புடவையைக் காட்ட குருமூர்த்தி நேரில் வந்த காலையில் அவள் கரும்புக்குள் புகுந்து ஓடினாள். அவன் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினான். வெட்டாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையில் அவள் பாதங்கள் வண்டலில் இறங்கின, விரல்கள் இலைவிட்டன. வேலுசாமி வந்து சேர்ந்தபோது பட்டை கழுத்துவரை வந்திருந்தது. கண் திறந்திருந்தது, அவரைத்தான் பார்த்தது. ஒரு வார்த்தைக்கு அப்போதும் நேரம் இருந்தது. "மாப்பிள்ளை என்ன நெனைப்பாரு, சாமி" என்றார் அவர். பட்டை மூடிக்கொண்டது.

கல்லூரியிலிருந்து வந்து பார்த்த பேராசிரியை, இது கிரேக்க நாட்டுப் பக்கத்து மரம், இந்த மண்ணில் வராது, ஆனால் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். குருமூர்த்தி ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தான். மண்டிக்காரனுக்கு உடனே தெரிந்துவிட்டது, குருமாவில் போடுகிற பிரிஞ்சி இலை. அடுத்த வாரம் ஆளும் சாக்குமாக வந்தான். வேலுசாமி மரத்தை மறித்து நின்று, "வேண்டாம், விட மாட்டேன்" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார்.

குருமூர்த்தி கோபப்படவில்லை. "உங்க காட்டுலயா நிக்குது மாமா? ஆத்துப் பொறம்போக்குல நிக்குது. தள்ளுங்க, வெயிலேறுது."

அதிலிருந்து வருடம் தவறாமல் மொட்டையடிக்கிறார்கள். வருடம் தவறாமல் துளிர்க்கிறது. அவன் ராசிபுரத்துப் பக்கம் பெண்ணெடுத்தான். பந்தலுக்கு அந்த இலையைத்தான் கட்டினார்கள். உறவு முறியவில்லை. தீபாவளிக்கு அண்ணன் வீட்டிலிருந்து வரும் பலகாரத்தோடு இலையும் ஒரு பொட்டலம் வருகிறது, சென்னம்மாள் அதைக் குருமாவில் போடுகிறாள். கடையில் வாங்குவதற்கு இந்த வாசம் இல்லை என்கிறாள். வேலுசாமி இலையை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுச் சாப்பிடுகிறார். எல்லாரும் செய்வதுதான், அதை யாரும் மெல்வதில்லை.