இறக்கை மேல் சர்க்கரை

இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன் முகம்கூடக் கழுவாமல் சமையலறை மேசைக்குப் போனான். ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் மாதிரி ஜெட் விமானம் அங்கே மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றில் ஒரு குட்டி மோட்டார். அது மரை போட்ட தண்டைச் சுழற்றும். தண்டில் நகரும் நட்டு இரண்டு இறக்கைகளையும் சேர்த்து இழுக்கும். வேகமாகப் பறக்க இறக்கை பின்னால் மடங்க வேண்டும். இறங்கும்போது மறுபடி விரிய வேண்டும்.

"மடங்கட்டும், திரும்ப விரியட்டும். என் கண்ணால பாத்துட்டேன்னா என் பட்டறைல பகல் வேலை உனக்குத்தான், இன்ஜினியர்" என்றிருந்தார் மாடல் விமானக் கடைக்காரர். கல்லூரியைப் பாதியில் விட்டவனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவனும் பொறுத்துக்கொள்வான். பார்சல் கிடங்கில் விடிய விடியப் பெட்டி தூக்கிவிட்டுப் பகலில் பிணமாகக் கிடக்கும் பிழைப்பிலிருந்து தப்ப வேறு வழி கண்ணில் படவில்லை.

பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்கும். அந்தப் பாரத்தை மேசையில் சோதிக்கத்தான் விமானத்தை மல்லாக்கப் போட்டு, இறக்கை மேல் சர்க்கரைப் பொட்டலங்களை வைத்திருந்தான். நுனிவரை பரப்பி வைத்தால் மோட்டார் முனகிவிட்டு நின்றது. இறக்கை திரும்பும் போல்ட் பாரத்தில் சாய்ந்து, அதைச் சுற்றியிருந்த பித்தளை வளையத்தில், அதாவது புஷ்ஷில், இறுகிக்கொண்டது. புஷ்ஷை மாற்றினால் சரியாகும். அதற்கு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். அவன் பொட்டலங்களை உள்ளே தள்ளி, உடம்போடு ஒட்டி வைத்தான். மோட்டார் ஓடியது.

டீ போட வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நேத்து நுனில இருந்துச்சே, ஏன் உள்ள வந்துடுச்சு?"

"வழுக்குது."

"பரீட்சைக்கும் தெரிஞ்ச பாடத்தை மட்டும்தான் திரும்பத் திரும்பப் படிப்பீங்களாமே. உங்கம்மா சொன்னாங்க."

"நீ டீயைப் போடு."

"வீட்டுச் சர்க்கரை பூரா இறக்கை மேல இருக்கு. எதைப் போட்டுக் கலக்க?"

ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். மோட்டார் இன்னும் லேசாக ஓடியது. அவனுக்கு அது திருப்தியாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்காரர் பார்த்திருக்க, ஊருக்கு வெளியே பொட்டல் வெளியில் விமானம் எழும்பியது. ரிமோட்டின் விசையைத் தள்ளினான். எதிர்க்காற்றும் சேர்ந்து தள்ள, இறக்கைகள் அழகாக மடங்கின.

"பரவால்லையே, இன்ஜினியர். இப்ப விரி."

விசையை இழுத்தான். விரியவில்லை. மறுபடி இழுத்தான். வட்டமடித்துக்கொண்டே இருந்தான். மேலே இருக்கும்வரை வேலை இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்று நினைப்பு. எரிபொருள் தீரும் நேரம் வந்ததும், மடங்கிய இறக்கையோடு அதே வேகத்தில் இறக்கினான். தரையில் மோதிச் சிதறியது.

கடைக்காரர் துண்டுகளைக் கிளறி, போல்ட் மாட்டிய புஷ்ஷை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நுனில பாரம் வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஓடுச்சா?"

அவன் குனிந்து, சிதறிக் கிடந்த துண்டுகளைக் கூட்டி வைக்க ஆரம்பித்தான்.

"தெரியாமப் பண்ணிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன், தம்பி" என்றார். இன்ஜினியர் என்று சொல்லவில்லை. புஷ்ஷை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

புஷ்ஷை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்தவனை மனைவி ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். மேசையிலிருந்த பொட்டலங்களைப் பிரித்து டப்பாவில் கொட்டினாள்.

"கொஞ்சம் தூங்குங்க. ராத்திரி ஷிப்ட் இருக்குல்ல."

ஜன்னல் வெயில் முகத்தில் அடித்தது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.