சின்ன நாகுக்குப் பெரிய கன்று

கரவெட்டியில் ஏரம்பு காலையில் எழுந்ததும் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரனின் கன்றை இழுத்துவந்து, தன் நாகுக்கு அருகில் கட்டினார். நாகு இன்னும் ஒரு கன்றும் ஈனாத சின்ன ஊர்ப்பசு. பனையோலையும் பூவரசங்குழையும் தின்றே வளர்ந்தது. சினை ஊசி போட வரும் மதுரா, இது ஏற்கெனவே ஈன்ற மாடு என்று நம்ப வேண்டும். அதற்குத்தான் இந்தக் கூத்து!

மதுரா மாட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஐயா, உடம்பு சின்னனாக் கிடக்கு. தலையீத்தெண்டால் ஊர்க் காளை நாம்பனையே விடுங்கோ. ஜேர்சிக் கண்டு இதின்ரை வயித்துக்கை கொள்ளாது."

"கண்ணுக்கு முன்னாலை கண்டு நிக்குது, பிள்ளை. பிறகென்ன? ஜேர்சியே போடும்."

கேதீஸ்வரன் வீட்டு ஜேர்சி பத்து லீற்றர் கறக்கிறது. அந்தப் பத்து லீற்றர்தான் ஏரம்புவின் கண்ணை மறைத்தது. குசினி வாசலில் நின்ற மனைவி கனகாம்பிகை உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊசி போட்டாயிற்று.

ஒன்பது மாதம் கழிந்து ஒரு காலை, பன்னீர்க்குடம் உடைந்தது. மத்தியானமாகியும் இரண்டு குளம்புகளைத் தவிர எதுவும் வெளியே வரவில்லை. நாகு கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போனது. மதுரா மாட்டு டொக்டரோடு ஓடிவந்தாள்.

"ஈண்ட மாடு இப்பிடித் தவிக்காதே! உண்மையைச் சொல்லுங்கோ, ஐயா."

"இதுதான் தலையீத்து, பிள்ளை. அண்டைக்கு நிண்டது கேதீஸ்வரன்ரை கண்டு" என்றார் ஏரம்பு.

டொக்டர் இரண்டு மணி நேரம் போராடினார். கன்று செத்தே வந்தது. தாயின் பாதி உடம்பு இருக்கும். பாவம், நாகு எழும்பவேயில்லை. பொழுது சாயுமுன் அதுவும் கண்ணை மூடியது.

செத்த மாட்டின் மடியிலிருந்து சீம்பால் மண்ணில் கசிந்துகொண்டிருந்தது.

"பாருங்கோ, நீங்கள் ஆசைப்பட்ட பால்" என்று கனகாம்பிகை அழுதாள். "நானும் வாயை மூடிக்கொண்டு நிண்டனான்."

"விதி அண்ணை, என்ன செய்யிறது" என்றார் சத்தம் கேட்டு வந்த கேதீஸ்வரன்.

"விதியெண்டு சொல்லாதை!" ஏரம்பு வெடித்தார். "ஊசியிலையும் பிழையில்லை, அந்தப் பிள்ளையிலையும் பிழையில்லை. வாயில்லாச் சீவன் எவ்வளவு தாங்குமெண்டு பாக்காமல், எனக்கு எவ்வளவு வேணுமெண்டு மட்டும் பாத்தன். என்ரை பேராசையும் பொய்யுந்தான் இதைச் சாக்காட்டினது."