இருபத்தெட்டு நட்சத்திரம்

நோட்டில் இருபத்தெட்டு சிவப்பு நட்சத்திரம். சாந்தமேரி விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டாள். ஒரு தப்பாவது வேண்டுமே, ஊஹூம். ஆறு வயது ஜோசஃபின் எழுதியதாம்!

"எங்க, இதையே இப்ப எழுதிக் காட்டுடி."

மகள் பென்சிலை எடுத்தாள். "சோத்துக் கையில எடு" என்று வழக்கம்போல் புறங்கையில் ஒன்று வைத்தாள் சாந்தமேரி. அப்புறம் வந்ததெல்லாம் கோழிக் கிறுக்கல். மூன்று என்ற எண் மல்லாந்து படுத்திருந்தது.

"பாத்தீங்களா? சிக்குதான் எழுதிக் குடுத்து ஸ்டார் போட்டுக்குறாங்க."

சுங்கை வேயில் பொது மண்டபத்தில் நடக்கும் அரசாங்கப் பாலர் பள்ளி, தாடிக்கா அது; ஆசிரியையை எல்லாரும் சிக்கு என்பார்கள். காசே வாங்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சும்மா கிடைப்பதில் என்ன கோளாறோ என்று முதல் நாளிலிருந்தே அவளுக்கு உறுத்தல். மேலதிகாரி வந்து பார்த்தால் எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகளாகத் தெரிய வேண்டுமல்லவா? அடுத்த வருஷம் ஒண்ணாம் வகுப்பில் இது திருதிருவென்று முழிக்கும். மக்கு என்று கடைசி பெஞ்சில் தள்ளுவார்கள். அந்த பெஞ்சு எப்படி இருக்குமென்று சாந்தமேரிக்கு நன்றாகத் தெரியும். நாலாவதோடு படிப்பு போச்சு, இன்றைக்கும் பேக்டரியில் யார் பாரம் நீட்டினாலும் நிரப்பித் தரச் சொல்லிப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுகிறாள்.

புருஷன் கிரிகரி லோரி சாவியைத் தேடிக்கொண்டே, "நேர்ல போய்க் கேளு லா," என்றான்.

"கேட்டா ஒத்துக்குவாங்களா? கையும் களவுமா புடிக்கிறேன்."

மறுநாள் லீவு போட்டாள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் பாலர் பள்ளியின் பாரம் கைப்பையில் தயாராக இருந்தது. பிடித்த கையோடு மகளைக் கூட்டிப் போய் அங்கே சேர்த்துவிட வேண்டியதுதான். மண்டபத்தின் பின்பக்கம் போய் சன்னலில் எட்டிப் பார்த்தாள்.

சிக்கு அந்தக் கோடியில் ஒரு பையனுக்கு மூக்கு துடைத்துக்கொண்டிருந்தார். ஜோசஃபின் பக்கத்தில் யாருமில்லை. தலையைச் சாய்த்து, நாக்கை நீட்டிக்கொண்டு எழுதினாள். வேகமாக, அவ்வளவு அழகாக. பீச்சாங்கையால்.

சாந்தமேரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடக் கடவுளே, இதையா பழக்குகிறார்கள்! ஆனால் அடுத்த நிமிஷமே நோட்டிலிருந்த நட்சத்திரங்கள் நினைவுக்கு வந்தன. இருபத்தெட்டும் அந்தக் கை வாங்கியது. தினமும் அவள் தட்டித் தட்டி அடக்கிய கை.

ஜோசஃபின் நிமிர்ந்தாள். சன்னலில் அம்மா. பென்சில் சட்டென்று வலக்கைக்கு மாறியது, இடக்கை மேசைக்கடியில் போய் ஒளிந்தது.

"வேணாம்மா, மாத்தாதே..." சாந்தமேரி கம்பிக்குள் கையை விட்டு ஆட்டினாள்.

அந்தக் கையைப் பார்த்துப் பிள்ளை நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள்.