ஐந்தாம் சக்கரமும் என் அத்தானும்

மனித குல வரலாற்றில் இரண்டே கட்டங்கள்தாம் உண்டு: மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தது ஒன்று, ஐந்தாவது சக்கரத்தை வாங்கியது இன்னொன்று. எங்கள் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில், சில்லி என்கிற இறைச்சிக் குழம்பும் சினமன் ரோலும் பரிமாறிய அறுவடை விருந்தில், என் அத்தான் வெர்லின் ஸ்டூர் எழுந்து நின்று இதை அறிவித்தார். அப்போது அவரிடம் ஐந்தாவது சக்கரம் இல்லை. இருந்த நான்கில் ஒன்றுக்குக் காற்று இறங்கியிருந்தது. விருந்துக்குக் கிளம்பும் முன் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

ஐந்தாம் சக்கரம் என்று எங்கள் பக்கம் சொல்வது ஒரு வீட்டை. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்த நீள டிரெய்லர். அதன் முன்பகுதி வாத்துக் கழுத்துபோல நீண்டு வந்து, பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள் உட்கார்ந்துகொள்ளும். நெப்ராஸ்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பனி விழுமுன் இதை மாட்டிக்கொண்டு டெக்ஸஸ் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

என் அக்கா லவோன் கடலைப் பார்த்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் போவதாக இருந்தது. ஒரு வருடம் நீர் வாரியத் தேர்தல். ஒரு வருடம் ஆலங்கட்டி மழை. அத்தான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்பதால் ஊரிலுள்ள கூரையையெல்லாம் ஏறிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு வருடம் காரணமே இல்லை, வெறும் கூட்டம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அக்கா ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"இந்த நவம்பர்ல, நன்றியறிதல் நாளன்னிக்கு நான் கடலோரம் உக்காந்திருப்பேன், வெர்லின். நீங்களும் வந்தீங்கன்னா நல்லாருக்கும்."

குரலை உயர்த்தவில்லை. அதுதான் அத்தானை எழுப்பிவிட்டது.

டிரெய்லரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதைச் சுமக்கிற டிரக்கை வாங்குவது உலக வழக்கம். அத்தான் டிரக்கை முதலில் வாங்கினார். அதுவும் இருப்பதிலேயே உயர்ந்த ரகம். இருக்கை இடுப்பைப் பிடித்துவிடும். கூரை முழுக்கக் கண்ணாடி. கதவைத் திறந்தால் படி தானாக இறங்கி வந்து காலடியில் பணியும். அந்தப் படிக்காகவே நாலு தடவை ஏறி இறங்கினார்.

"சார், இது ஒரு வீட்டையே இழுக்கும்" என்றான் விற்பனையாளன்.

"வீட்டத்தான் இழுக்கப்போறேன், தம்பி" என்றார் அத்தான், நாடாளுமன்றத்தில் பேசுவதுபோல.

அக்கா ஓட்டுநர் கதவைத் திறந்து, இடுக்கில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைக் குனிந்து படித்தாள்.

"எவ்ளோ இழுக்கும்னு விளம்பரத்துல போட்டிருக்கான். எவ்ளோ சுமக்கும்னு கதவிடுக்குல ஒட்டியிருக்கான். எது பெரிய எழுத்துல இருக்குன்னு பாத்துக்கோ, டெல்" என்றாள் என்னிடம்.

மாடு வண்டியை இழுக்கும். அந்த வண்டியை மாட்டின் முதுகில் ஏற்றினால் கதை வேறு. ஐந்தாம் சக்கரத்தின் கழுத்து டிரக்கின் முதுகில்தான் ஏறுகிறது. அந்த முதுகு தாங்கும் கணக்கில் கண்ணாடிக் கூரையும் சேர்த்தி, இடுப்புப் பிடிக்கும் இருக்கையும் சேர்த்தி, பணிகிற படியும் சேர்த்தி, உள்ளே உட்காருகிற ஆளும் சேர்த்தி. ஆக, பவிசு கூடக் கூட முதுகு இளைக்கும். எங்கள் பக்கத்துப் பண்ணைக் கேலன் ஓட்டும் பழைய டிரக்கில் ரேடியோவே பாடாது. ஆனால் அத்தானின் தங்கரதத்தைவிட அதிகமாகச் சுமக்கும்.

போதாததற்கு ரதத்தின் பின்தொட்டி குட்டை. திருப்பத்தில் டிரெய்லரின் மூக்கு, ஓட்டுகிறவர் பிடரிக்குப் பின்னாலுள்ள கண்ணாடியை வந்து இடிக்கும். இடிக்காமல் இருக்க, முன்னும் பின்னும் நகர்கிற இணைப்பு ஒன்று வாங்க வேண்டும். அது இரும்பு. இரும்புக்கும் எடை உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

டிரெய்லர் பார்க்க ஒமாஹா கண்காட்சிக்குப் போனோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: 'மாட்சிமை', 'மலையரசன்', 'எல்லையற்றது'. எல்லையற்றதின் நீளம் நாற்பத்திரண்டு அடி.

அங்கே யாருக்கும் வெட்கம் கிடையாது. முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, புருஷனும் பெண்டாட்டியும் செருப்போடு கட்டிலில் மல்லாந்து, தலைக்கும் கூரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பார்கள். எழுந்ததும் அடுத்த ஜோடி அதே பள்ளத்தில் படுக்கும். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உடை கலையாமல் உட்கார்ந்து, முழங்கால் எங்கே முட்டுகிறது என்று பார்ப்பார்கள். அக்கா அன்று சின்னப் பெண்ணாகிவிட்டாள். எல்லா அலமாரியையும் திறந்தாள், எல்லா சோபாவிலும் குதித்தாள், ஒரு மெத்தையில் படுத்திருந்த மினசோட்டாக்காரியிடம் "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லிப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் எதற்கென்றே தெரியாமல் சிரித்தார்கள்.

அத்தான் எல்லையற்றதின் மின்சாரக் கணப்பு முன்னால் நின்று, கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஓஹையோவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மேற்கு நோக்கிய குடியேற்றம் பற்றி உரையாற்றினார். அந்தக் குடும்பம் வழி கேட்டு வந்தது. பிறகு கழிவறைக்குள் போனவர் நெடுநேரம் வரவில்லை.

"வெர்லின், உள்ள என்ன பண்றீங்க?"

"பரிசோதனை."

"கதவு ஏன் ஆடுது?"

"பரிசோதனை முடியல."

நான் வெளியிலிருந்து இழுத்தேன்; அவர் உள்ளிருந்து தள்ளினார். எல்லையற்றது அத்துடன் பட்டியலிலிருந்து நீங்கியது. "குறுகிய பார்வையோட கட்டியிருக்கான்" என்றார், தோளைத் தேய்த்துக்கொண்டு.

அக்கா தேர்ந்தெடுத்தது நடுத்தரமான ஒன்று. ஆடம்பரம் இல்லை. ஆனால் பின்சுவர் முழுக்க ஒரே ஜன்னல், அதன் அடியில் சோபா. அவள் அதில் உட்கார்ந்து வெளியே பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது கண்காட்சியின் பாப்கார்ன் கடை.

"இத திருப்பி நிறுத்தினா, கடல் இங்க வந்து நிக்கும்ல, டெல்?" என்றாள்.

"நிக்கும்க்கா."

ஒரு காகிதத் தட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டாள். கழுத்தின் கனம், இரும்பு இணைப்பின் கனம், அவள் கனம்.

"வெர்லின், உங்க எடை?"

"லைசென்ஸ்ல இருக்கு பாரு. நூத்தி எண்பத்தஞ்சு பவுண்டு."

எங்கள் மாநிலத்தில் லைசென்ஸ் எடுக்கும்போது எடையை நாமே சொல்ல வேண்டும். எழுதிக்கொள்வார்கள், தராசு வைப்பதில்லை. அத்தான் அதைச் சொன்னது கல்லூரியில் கால்பந்து ஆடிய காலத்தில். புதுப்பிக்கும்போதெல்லாம் "மாற்றம் ஏதாவது?" என்று கேட்பார்கள். "ஒன்றுமில்லை" என்பார்.

அக்கா அவரை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். நூற்றெண்பத்தைந்து என்று எழுதினாள். மஞ்சள் சீட்டின் அளவுக்குள் மயிரிழையில் பொருந்தியது. வாங்கிவிட்டார்கள்.

இதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் அத்தான் ஏஜென்டாக இருந்த காலத்தில், அதிக பாரம் ஏற்றிய வண்டி என்று சொல்லி ஊரில் பாதிப் பேருக்கு இழப்பீட்டை மறுத்தவர். பன்றி ஏற்றிய டிரெய்லர் கவிழ்ந்தபோது கேலனுக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. "விதி என்றால் விதி" என்று ஒரு பிரசங்கம் மட்டும் கிடைத்தது. இப்போது காப்பிக் கடையில் கேலன் கேட்டான்:

"வெர்லின், உங்க வீட்ட உங்க டிரக்கு தாங்குமா?"

"சனிக்கிழமை காலையில கிளம்புறோம். கிளம்புறதுக்கு முன்னால கூட்டுறவுத் தராசுல ஏத்திக் காட்டுறேன். எல்லாரும் வரலாம். ஒரு பவுண்டு கூடினாலும் வண்டி ஊரத் தாண்டாது" என்றார் அத்தான்.

அக்கா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். கடல் இப்போது ஒரு பவுண்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

கூட்டுறவுத் தானியக் கிடங்கின் தராசு, சோளம் ஏற்றிய லாரிகளை நிறுப்பது. எடை, சாலையிலிருந்தே தெரியும்படி பெரிய சிவப்பு எண்களில் எரியும். அறுவடை முடிந்து எல்லோருக்கும் கை சும்மா இருந்த நேரம். தேவாலயத்துக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். தராசை இயக்குகிற டார்லா கண்ணாடி அறைக்குள் ஒலிபெருக்கியோடு உட்கார்ந்திருந்தாள்.

டிரக் தராசில், டிரெய்லரின் சக்கரங்கள் தராசுக்கு வெளியே. கழுத்தின் பாரம் மட்டும் டிரக்கின் முதுகில். எண்கள் ஏறி நின்றன.

"எரநூத்தி எண்பது கூட" என்றது ஒலிபெருக்கி.

"டீசல் முழுசா இருக்கு" என்றார் அத்தான், ஜன்னல் வழியே.

"டீசல் இல்லாம எப்படிப் போவீங்க, தள்ளிக்கிட்டா?" என்றான் கேலன்.

அக்கா பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவள் கணக்கில் வராத ஒரு பெரிய குளிர்பெட்டி. டெக்ஸஸ்காரர்களின் மாட்டிறைச்சியை நம்ப முடியாது என்று, அத்தான் நம்மூர் இறைச்சியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதன் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி.

"அது என்ன?"

"கேடயங்க. நீர் வாரியத்துல குடுத்தது. சுவர்ல மாட்டலாம்னு."

"சுவர் முழுக்க ஜன்னல், வெர்லின்."

நானும் கேலனும் இரண்டையும் இறக்கினோம். கேடயப் பெட்டியைத் தூக்கும்போது கேலன் முகத்தில் இருந்த பக்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"இன்னும் நூத்தி இருபது கூட" என்றாள் டார்லா.

இறக்க வேறொன்றும் இல்லை. அத்தான் தொண்டையைச் செருமினார். "லவோன், நீ கொஞ்சம் இறங்கிப் பாரேன்."

படி பணிந்தது. அக்கா இறங்கினாள். எண்கள் இறங்கின.

"சரியா இருக்கு. இருபது மிச்சம்" என்றது ஒலிபெருக்கி.

"பாத்தீங்களா" என்றார் அத்தான் கூட்டத்தைப் பார்த்து. "வழி பிறந்தாச்சு. லவோன், நீ உன் கார்ல எங்க பின்னாலயே வந்துடு."

"எங்க பின்னாலன்னா யாரு பின்னால? நீங்களும் டிரக்கும் ரெண்டு பேரா?" என்றாள் அக்கா. கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "கடல் வரைக்கும் நான் இந்த டிரெய்லரோட பின்பக்கத்தையே பாத்துக்கிட்டு வரணுமா?"

அத்தானுக்குப் பதில் இருந்தது. அவருக்கு எப்போதும் இருக்கும். ஆனால் டார்லா முந்திக்கொண்டாள்.

"வெர்லின், தராசுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். அவங்க ஏறிக்கட்டும். நீங்க ஒரு தடவ இறங்கிடுங்க."

"அது தேவையில்ல. என் எடை அரசாங்கத்துகிட்ட பதிவாகியிருக்கு."

"விதின்னா விதி" என்றான் கேலன், மிகவும் மரியாதையாக.

அக்கா ஏறிக்கொண்டாள். அத்தான் இறங்கினார். படி அவருக்காகவும் பணிந்தது, கொஞ்சம் முனகியது. சிவப்பு எண்கள் விழுந்துகொண்டே இருந்தன. நின்றுவிட்டன என்று நினைத்தபோது மறுபடி விழுந்தன.

எங்கள் ஊர்க்காரர்கள் நாகரிகமானவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, கழித்தல் போட்டார்கள்.

"லைசென்ஸ்ல நூத்தி எண்பத்தஞ்சா?" என்று கேலன் கடைசியில் கேட்டான்.

"அப்பிடித்தான்."

"மிச்சம் ஒரு கன்னுக்குட்டி கனம் வருது."

"அப்பத்தான் பெறந்த கன்னுக்குட்டியா?" என்றார் பின்னால் ஒருவர்.

"ஆமா. ஆனா நல்ல ஆரோக்கியமான கன்னுக்குட்டி."

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. ஒலிபெருக்கியை அணைக்க மறந்ததால் டார்லாவின் சிரிப்பு நெடுஞ்சாலை வரை கேட்டது. எனக்கு வயிறு வலித்தது. அத்தான் முகம் சிவந்து, பிறகு கோணி, கடைசியில் அவரும் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். அது சிரிப்பு என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அக்கா சிரிக்கவில்லை. இடம்பெயர்ந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பாவின் சோள லாரியைச் சின்ன வயதிலிருந்தே ஓட்டியவள்; இருட்டிலும் பின்னால் எடுப்பாள். அத்தான் தேவாலயத்து வாகன நிறுத்தத்தில் ஒரு வாரம் பழகி, பெயர்ப்பலகையை மட்டும்தான் சாய்த்திருந்தார்.

"டெல், அந்த இறைச்சிய ஏத்துடா. இப்ப எடம் இருக்கு" என்றாள். "வெர்லின், என் கார் சாவி வீட்ல அடுப்புக்கு மேல இருக்கு. இடைவெளி விட்டு வாங்க."

"கேடயங்க?"

"உங்களோட வரட்டும்."

அத்தான் வீட்டுக்குப் போய் எடுத்து வந்த அக்காவின் காரில், கேடயப் பெட்டியை முன்னிருக்கையில் வைத்தேன். கனத்தைப் பார்த்து யாரோ ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கார் மணியடித்தது. அத்தான் அவற்றுக்கு பெல்ட் போட்டுவிட்டார்.

தராசிலிருந்து இறங்கி, கிடங்கின் மூலையை உரசாமல், டிரெய்லரின் மூக்கு கண்ணாடிக்கு அருகில்கூட வராமல், அக்கா ஒரே வளைப்பில் நெடுஞ்சாலை ஏறியதைப் பார்த்துக் கேலன் தொப்பியைக் கழற்றினான். கொஞ்ச தூரம் விட்டு, அந்தச் சின்ன நீலக் கார் அபாய விளக்கு மின்ன மின்னப் போனது.

நன்றியறிதல் நாளன்று அக்கா போன் செய்தாள். ஜன்னல் திறந்திருந்தது போலும். பேச்சுக்குப் பின்னால் ஓயாமல் ஒரு இரைச்சல்.

"எப்படிக்கா இருக்கு?"

"நம்மூர் பிளாட் ஆத்த விடக் கொஞ்சம் பெருசுதான்" என்றாள். போனை ஜன்னல் பக்கம் நீட்டினாள் போலும், இரைச்சல் கூடியது. "இங்கதான் இருக்கு, டெல். ஜன்னல்லயே நிக்குது."

அத்தானைக் கேட்டேன். நலம் என்றாள். டிரெய்லர்களை நிறுத்தித் தங்கும் முகாமின் வாசலில், ஒரு மனைக்கு ஒரு வண்டிதான் கணக்காம். டிரெய்லரை ஓட்டி வந்தவர் பெயரில் மனையைப் பதிந்துகொண்டு, பின்னால் காரில் வந்தவருக்கு 'விருந்தாளி' என்று எழுதிய ஆரஞ்சு அட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் அத்தான் அதைக் காரின் முன்கண்ணாடியில் மாட்டி வைத்திருக்க வேண்டுமாம். இரவு பத்து மணிக்கு மேல் விருந்தாளிகள் தங்க அனுமதி இல்லை என்று அதில் அச்சடித்திருக்கிறதாம்.